ஒரே பந்தியில் உட்காருவோம்
(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரை)



இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. கண்டறிந்தவர் உங்களைப் போல் ஒரு மாணவி, செல்லப்பன் நிர்மலா. வழிகாட்டியவர் டாக்டர் சுனிதி சாலமன். 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது.

மருந்து மட்டும் போதுமா? நான் ஆலோசகராக இருந்தபோது ஒரு தம்பி வந்தார். மாத்திரை ஒழுங்கு, எடை மட்டும் ஏறவில்லை.

"ஏம்ப்பா, சரியா சாப்பிடறதில்லையா?"

"வீட்ல எனக்குத் தனித்தட்டு சார். அதைப் பார்த்தாலே சோறு இறங்கல."

அறிகுறி இல்லாதவருக்கே சுமார் 10 சதவீதம் கூடுதல் சக்தி தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் சொன்னது. முட்டை, பருப்பு, கடலை, கீரை என்று பட்டியல் போடலாம். மனசு நொந்தவருக்கு அது எப்படி இறங்கும்? அவர் அம்மாவை வரவழைத்தோம். கூட உட்கார்ந்து சாப்பிட்டால் தொற்றாது என்று பொறுமையாக விளக்கினோம். அடுத்த மாதம் எடை ஏறியிருந்தது. "அம்மா இப்ப எங்கூடவே சாப்பிடறாங்க சார்" என்றார்.

இன்று மதியம் எல்லோரும் ஒரே பந்தியில் உட்காரப் போகிறோம். நம்மில் யாருக்குத் தொற்று என்று தெரியாது, தெரியவும் வேண்டாம். பக்கத்தில் இலை போட்டால் போதும்.