மெயில் போனது, வந்ததா?
(பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்யும் அறிவிப்பை அலுவலகத்திலிருந்து காலை 6 மணிக்கு அனுப்பினார்கள். சில வீடுகளுக்கு அது 10 மணிக்குத்தான் வந்தது. அதற்குள் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. மெயில் சேவை தரும் நிறுவனத்தைக் கேட்டால், சர்வர் நன்றாகத்தான் ஓடுகிறது என்கிறார்கள். பொய்யில்லை. ஆனால் லிஃப்ட் மோட்டார் ஓடுவதும், லிஃப்ட் நம் மாடிக்கு வருவதும் ஒன்றா?

பழக்கமில்லாத இடத்திலிருந்து வரும் மெயிலை, வாங்கும் சர்வர் "கொஞ்சம் கழித்து வா" என்று திருப்பிவிடுவது உண்டு. கிரேலிஸ்டிங் என்பார்கள். அனுப்பும் சர்வர் அதை வரிசையில் வைத்து மறுபடி முயலும். பொதுவாக 30 நிமிடமாவது இடைவெளி விடச் சொல்கிறது எஸ்எம்டிபி விதி. இரண்டு மூன்று முறை திரும்பினால் காலைப்பொழுது போய்விடும்.

தாமதம் எங்கே என்று நாமே பார்க்கலாம். கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, அந்த மெயிலின் மூன்று புள்ளியை அழுத்தி, 'ஷோ ஒரிஜினல்' கொடுங்கள். எத்தனை விநாடியில் வந்தது என்று மேலேயே இருக்கும். அடியில் 'ரிசீவ்ட்' என்று தொடங்கும் வரிகளைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். ஒவ்வொரு சர்வரும் வாங்கிய நேரம் அதில் இருக்கும். (+0000 என்றிருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.)

பிளாக்குக்கு இரண்டு பேர் வேண்டும், வேறு வேறு மெயில் சேவை வைத்திருப்பவர்களாக. ஒரு மாதம், தினம் மூன்று சோதனை மெயில் வரும். வந்த நேரத்தைக் குறித்தால் போதும். ஒப்பந்தம் புதுப்பிக்கும் பேச்சில் அந்தத் தாளை மேசைமேல் வைப்போம். பெயரை இன்றே செயலாளரிடம் கொடுங்கள்.