ஆற்று மீனும் நம் அடுப்பும்



பிழைப்பின் பொருட்டு வெளிமாநிலங்களில் குடியேறியிருக்கும் நம்மவர் வீடுகளில் மீனைப் பற்றிய ஒரு குறை அடிக்கடி பேசப்படுகிறது. 'இங்கே கிடைப்பதெல்லாம் ஆற்று மீனும் குளத்து மீனுந்தான், சேற்று வாடை அடிக்கிறது, முள் அதிகம், குழந்தைகள் தொடுவதில்லை' என்பதே அக்குறை. இதனால் சிலர் கடற்கரையிலிருந்து பனிக்கட்டியில் பல நாள் பயணம் செய்து வந்த வஞ்சிரத்தை மிகுந்த விலை கொடுத்து வாங்குகிறார்கள். வேறு சிலர் மீனையே மறந்துவிடுகிறார்கள். அன்று பிடித்த மீன் அருகிலேயே கிடைக்கும்போது இவ்விரண்டும் வேண்டாதவை என்பதே நம் கருத்து.

உண்மையில் நன்னீர் மீன் நமக்குப் புதிதன்று. காவிரிக் கரையிலும் வைகைக் கரையிலும் விராலும் கெளுத்தியும் அயிரையும் தலைமுறை தலைமுறையாக உண்ணப்பட்டு வருபவை. வங்காளிகள் 'ஷோல்' என்பதும் வடக்கே 'சௌல்' என்பதும் நம் விரால் இனமே. 'மாகூர்' நம் கெளுத்திக்கு உறவு. ரோகு, கட்லா, மிருகால் ஆகிய மூன்றும் பெருங்கெண்டைகள். இவற்றின் குஞ்சுகளை ஒரு காலத்தில் ஆற்றிலிருந்துதான் அள்ளி வந்தார்கள். 1957-இல் ஒடிசாவில் ஹீராலால் சௌதுரி என்னும் அறிஞர் ஊசி மருந்தின் மூலம் கெண்டைகளை முட்டையிடச் செய்தார். அதன் பின்னர் குளந்தோறும் கெண்டை வளர்ப்பது எளிதாயிற்று. இன்று நாட்டின் மீன் விளைச்சலில் பெரும்பகுதி உள்நாட்டு நீர்நிலைகளிலிருந்தே வருகிறது.

மீன் வாங்கும்போது கண் தெளிந்து புடைத்திருக்கிறதா, செவுள் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரலால் அழுத்தினால் சதை உடனே எழும்ப வேண்டும். தில்லியில் சித்தரஞ்சன் பார்க் போன்ற வங்காளிகள் மிகுந்த பகுதிகளில், நம் அரிவாள்மனையை ஒத்த 'போட்டி'யில் வைத்துச் செதில் நீக்கி, வேண்டிய அளவில் துண்டு போட்டுக் கொடுப்பார்கள். வீட்டில் அறுப்பவர்கள் பித்தப்பை உடையாமல் எடுக்க வேண்டும். உடைந்தால் சதை கசந்துபோகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கெண்டை மீனின் பித்தப்பையை விழுங்கினால் நீரிழிவு தீரும், ஆஸ்துமா தீரும் என்று சொல்பவர்கள் சில இடங்களில் இருக்கிறார்கள். அதை நம்பலாகாது. அப்பித்தத்தில் உள்ள நஞ்சு சில மணி நேரத்தில் வாந்தியையும் வயிற்று வலியையும் உண்டாக்கி, சில நாட்களில் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யக்கூடியது. வேகவைத்தாலும் அந்நஞ்சு அழியாது. பித்தப்பையை எடுத்து எறிந்துவிடுவதே முறை. அவ்வாறே நன்னீர் மீனை அரைவேக்காட்டில் உண்பதும் கூடாது. அதில் புழுக்கள் இருக்கக்கூடும்.

இனிச் சேற்று வாடையைப் பற்றிச் சொல்வோம். நீரிலும் சேற்றிலும் வாழும் நுண்ணுயிர்கள் 'ஜியோஸ்மின்' என்னும் பொருளை உண்டாக்குகின்றன. அது மீனின் தோலிலும் கொழுப்பிலும் தங்குவதே இவ்வாடைக்குக் காரணம். முதல் மழையில் தரையிலிருந்து எழும் மண்வாசனைக்கும் இதே பொருள் காரணமாகிறது. மழையில் நாம் விரும்புவதை மீனில் வெறுக்கிறோம்! புளிப்புப் பட்டால் இப்பொருள் சிதைந்துவிடும். ஆகவே துண்டுகளை உப்பும் எலுமிச்சைச் சாறும் பிசறிக் கால் மணி நேரம் வைத்திருந்து கழுவினால் வாடை பெரும்பாலும் போய்விடும். நம் புளிக்குழம்பு ஆற்று மீனுக்கு இவ்வளவு பொருந்துவதும், அஸ்ஸாமியர் தக்காளியும் எலுமிச்சையும் சேர்த்து 'தேங்கா' என்னும் புளிப்பு ரசத்தில் மீனை வேகவைப்பதும் அனுபவம் கண்ட வழிகளே.

இனிச் சமைக்கும் வகைகள்.

முதலாவது, குழம்பு. அரைக் கிலோ மீனுக்கு எலுமிச்சம்பழ அளவு புளி போதும். நல்லெண்ணெயில் வெந்தயம் தாளித்து, வெங்காயமும் பூண்டும் வதக்கி, மிளகாய்த் தூள், மல்லித் தூள், மஞ்சள் தூள் சேர்த்துப் புளியைக் கரைத்து ஊற்றவும். பச்சை வாடை போய் எண்ணெய் மிதந்த பிறகே மீனைப் போட வேண்டும். பத்து நிமிடம் இளந்தீயில் வெந்தால் போதும். கரண்டி இட்டால் துண்டு உடையும். சட்டியைத் துணியால் பிடித்துச் சுற்றி அசைத்தால் போதுமானது.

இரண்டாவது, வங்காளத்து 'ஜோல்'. மஞ்சளும் உப்பும் தடவிய துண்டுகளை, புகையக் காய்ந்து சற்று ஆறிய கடுகெண்ணெயில் இலேசாகப் பொரித்து எடுக்கவும். அதே எண்ணெயில் கருஞ்சீரகமும் கீறிய பச்சை மிளகாயும் தாளித்து, நீளவாக்கில் நறுக்கிய உருளைக்கிழங்கை வதக்கி, தண்ணீர் விட்டு, கிழங்கு வெந்ததும் மீனை இட்டு ஒரு கொதி விட்டு இறக்கவும். தேங்காயும் வேண்டாம், மசாலாவும் வேண்டாம். நோயிலிருந்து தேறுபவர்களுக்கும் இது ஏற்ற ஆகாரம்.

மூன்றாவது, ஆவியில் வேகவைப்பது. கடுகைப் பச்சை மிளகாயோடும் உப்போடும் அரைத்தால் கசக்காது. அவ்விழுதுடன் மஞ்சள் தூளும் சிறிது கடுகெண்ணெயும் கலந்து மீனில் பூசி, மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் அடைத்து, நம் இட்லிப் பானையில் கால் மணி நேரம் வைத்தால் பக்குவம் கூடிவிடும். வங்காளிகளின் 'பாபா'வுக்கு நம் இட்லிப் பானையைப் போலப் பொருத்தமான பாத்திரம் வேறில்லை.

இறுதியாக முள். பெருங்கெண்டையின் சதைக்குள் கவை போன்ற மெல்லிய முட்கள் உண்டு. முதுகுப் பகுதியிலும் வால் பகுதியிலும் அவை மிகுதி. குழந்தைகளுக்கு வயிற்றுப் பகுதித் துண்டைக் கொடுக்கலாம். அங்குள்ள விலா முட்கள் பெரியவை, எளிதில் எடுத்துவிடலாம். பழகும் வரையில் விராலோ கெளுத்தி இனமோ கொடுப்பது இன்னும் நல்லது. அவற்றில் நடுமுள்ளை நீக்கினால் பெரும்பாலும் சதையே மிஞ்சும்.

ஓர் ஊரின் தண்ணீரைக் குடித்து வாழ்கிறவர்கள் அத்தண்ணீரில் வளரும் மீனையும் உண்ணக் கற்றுக்கொள்வது நல்லது. செலவும் குறையும், உணவும் புதிதாயிருக்கும். பக்கத்து வீட்டாரிடம் பக்குவம் கேட்கப் போவதில் உறவும் வளரும். நம் குழம்பில் ஒரு கிண்ணம் அவர்களுக்குக் கொடுத்தால், அவர்கள் வீட்டு ஜோல் நமக்கு வந்து சேரும்.