எட்டுக் கிண்ணமும் ஒரு காலித் திடலும்

(‘காற்பந்து ரசிகனுக்குப் பெருமை தருவது பழைய கிண்ணங்களா, இன்றைய வெற்றியா?’ என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில், ‘பழைய கிண்ணங்களே’ அணியில் ஈப்போ சிலிபினைச் சேர்ந்தவர் ஆற்றிய உரை.)



எனக்கு முன் பேசிய தம்பி, "பழைய கிண்ணம் என்பது தாத்தாவின் கல்யாணப் போட்டோ மாதிரி, பார்க்கலாம், பசி தீராது" என்றார். கைதட்டலும் வாங்கினார். நான் கேட்கிறேன், அந்தப் போட்டோ வீட்டுச் சுவரில் ஏன் இன்னும் தொங்குகிறது?

என் அப்பா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு சிலிபினுக்குக் குடிவந்தார். 1970இல் பேராக், சிங்கப்பூரை 2-0 என்று வீழ்த்தி மலேசியக் கிண்ணத்தை எடுத்ததை லயத்து வாசலில், ஒரே ஒரு வானொலியைச் சுற்றி முப்பது பேரோடு உட்கார்ந்து கேட்டாராம். நான் பிறந்தது 1975இல். ஆக, நான் பார்க்காத வெற்றி. ஆனால் கோல் விழுந்தபோது யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள், எந்தக் கங்காணி வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் ஆடினார் என்பது வரைக்கும் எனக்கு மனப்பாடம்.

1921இல் எச்.எம்.எஸ். மலாயா என்ற போர்க்கப்பல்காரர்கள் கொடுத்த கிண்ணத்தில் தொடங்கிய போட்டி இது. பேராக் 1926, 1931, 1957, 1967, 1970 ஆகிய ஆண்டுகளில் வென்றது. 1957 நாடு சுதந்திரம் பெற்ற ஆண்டு. 1967, ‘மலாயாக் கிண்ணம்’ என்ற பெயர் ‘மலேசியக் கிண்ணம்’ என்று மாறிய ஆண்டு. புதுப் பெயரில் முதலில் வென்றது நாங்கள்தான். இதைச் சொல்லும்போது என் நெஞ்சு கொஞ்சம் நிமிர்கிறது, மன்னிக்கவும்.

அதற்குப் பிறகு? 28 ஆண்டுகள் அந்தக் கிண்ணம் ஈப்போ பக்கமே வரவில்லை. 1990இல் எப்.ஏ. கிண்ணம் கிடைத்தது, அவ்வளவுதான். எதிரணியின் கணக்குப்படி அந்த 28 ஆண்டுகளில் பேராக் திடலில் ஆளே இருந்திருக்கக் கூடாது. ஆனால் சிலிபினிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிளில் மூன்று பேராக, கிந்தா ஆற்றைத் தாண்டிப் போய்க்கொண்டுதான் இருந்தோம். தோற்றுவிட்டு வரும் வழியில் ஒட்டுக்கடையில் தே தாரிக் குடிக்கும்போது யாராவது ஒருவர் 1970ஐ ஆரம்பிப்பார். அடுத்த வாரம் போவதற்கு அது போதும். வெற்றியை மட்டும் நம்பி வந்தவன், இரண்டு தோல்வியில் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவான்.

1998இல் திரங்கானுவைப் பினால்டியில் வென்றோம். எனக்கு 23 வயது, தொண்டை கிழியக் கத்தினேன். அப்பா அமைதியாக, "இப்பதான்டா நான் சொன்னது உனக்குப் புரியும்" என்றார். 2000இல் மறுபடியும் கிண்ணம், 2002, 2003இல் லீக் பட்டம். வி.சரவணன் முன்வரிசையில் இறங்கினால் எங்கள் வீட்டுப் பிள்ளை இறங்கின மாதிரி. லைபீரியாவிலிருந்து வந்த ஃபிராங்க் சியட்டரையும் அப்படித்தான் கொண்டாடினோம்.

எதிரணிக்கு ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். பழம்பெருமை ஆளைச் சோம்பேறியாக்கும். 2021இல் பேராக் சூப்பர் லீக்கிலிருந்து கீழே இறங்கியபோதுகூட, "நம்மிடம் எட்டுக் கிண்ணம் இருக்கிறதே" என்று பேசிக்கொண்டிருந்த பெரிசுகளில் நானும் ஒருவன். அந்த நேரத்தில் ஜொகூர் என்ன செய்துகொண்டிருந்தது? 2014 முதல் 2024-25 வரை தொடர்ந்து 11 லீக் பட்டங்கள். நல்ல திடல், நல்ல பயிற்சி, காசு. என் மகன் ஜொகூர் சட்டை போட்டுக்கொண்டு அலைகிறான். அவனைத் துரோகி என்று திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவனுக்கு நினைவு தெரிந்த நாளாய்ப் பெரும்பாலும் அவர்கள்தானே ஜெயிக்கிறார்கள்? ஆனால் ஒன்று கவனியுங்கள். இன்றைக்கு இத்தனை பட்டம் வைத்திருக்கும் ஜொகூர்க்காரப் பெரியவர்களிடம் பேசினால், 1985, 1991 என்று பழைய மலேசியக் கிண்ணக் கதையைத்தான் முதலில் எடுக்கிறார்கள். 33 முறை வென்ற சிலாங்கூர்க்காரர்களைக் கேட்கவே வேண்டாம், இடைவெளியே விடமாட்டார்கள்.

2018 அக்டோபர் 27, ஷா ஆலாம். திரங்கானுவுடன் 3-3, மறுபடியும் பினால்டி, எட்டாவது கிண்ணம். அப்பாவுக்கு அப்போது 78 வயது. தொலைக்காட்சிக்கு ஒரு முழம் தள்ளி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஜெயித்ததும் பேரனைக் கூப்பிட்டு மடியில் உட்காரவைத்து, 2018ஐப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் 1970ஐச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அவர் 2021இல் காலமானார். 2025-26 பருவத்துக்கான சூப்பர் லீக் பட்டியல் வந்தபோது அதில் பேராக் எப்.சி. பெயர் இல்லை. ‘இன்றைய வெற்றி’ என்று தம்பிகள் இங்கே வாதாடுகிறார்கள். எங்களுக்கு இன்றைய தோல்விகூட இல்லையே, ஐயா! தோற்பதற்கும் ஓர் அணி வேண்டும்.

அந்தப் பட்டியலைக் கைப்பேசியில் பார்த்தவன் என் மகன்தான், ஜொகூர் சட்டைக்காரன். என்னிடம் வந்து நின்றான். கேலி செய்யப் போகிறான் என்று நினைத்தேன். "அப்பா, தாத்தா சொல்வாரே, வேட்டி அவிழ்ந்த கங்காணி, அவர் பேர் என்னா?" என்று கேட்டான்.

சொன்னேன்.