முதலீடும் மன நிம்மதியும்

(மும்பை செம்பூர் திலக் நகரில் நடந்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தத் தலைப்பில் என்னைப் பேசச் சொன்ன காரணம் எல்லோருக்கும் தெரியும். நம் திலக் நகரில் பழைய ஹவுசிங் போர்டு கட்டடங்களை இடித்து உயரமான கட்டடங்கள் கட்டி வருகிறார்கள். புது வீட்டோடு 'கார்பஸ்' என்று ஒரு தொகையும் பில்டரிடமிருந்து பலருக்குக் கிடைக்கிறது. வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன்: புதுக் கட்டடத்தில் ஏறிவிடும் மாதாந்திர மெயின்டனன்ஸைச் சமாளிக்க உதவும் பணம் அது. பென்ஷனிலேயே காலம் தள்ளியவர்களுக்கு எழுபது வயதில் இப்படி மொத்தமாகப் பணம் வந்தால் முதலில் போவது தூக்கம்தான். நான் ரசாயனம் படித்துவிட்டு சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன். முதலீட்டு ஆலோசகன் அல்ல. கணக்குப் போடத் தெரியும், அவ்வளவே.

"எதற்கு வம்பு, பத்திரமான ஒரே இடத்தில் போட்டுவிடலாமே" என்பார்கள். 1964-ல் தொடங்கிய யூனிட் டிரஸ்டின் யு.எஸ்.64 திட்டத்தை நம் தலைமுறையில் பலர் பாங்க் டெபாசிட் மாதிரியே நினைத்தோம். 2001 ஜூலையில் யூனிட்டுகளைத் திரும்ப வாங்குவதையே நிறுத்தி வைத்தார்கள். 2019 செப்டம்பரில் இதே மும்பையின் பி.எம்.சி. கூட்டுறவு வங்கிக்கு ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது. கணக்குக்கு 1,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்று முதலில் அறிவித்து, பிறகுதான் படிப்படியாக உயர்த்தினார்கள். அப்போது டெபாசிட் இன்ஷூரன்ஸ் ஒரு லட்சம். 2020 பிப்ரவரியில் அது 5 லட்சமாயிற்று. ஷேர் பக்கமே போகாதவர்களும் இந்தக் கஷ்டத்தில் மாட்டினார்கள் என்பதை யோசியுங்கள்.

ஆகவே பிரித்து வைக்க வேண்டும். ஐந்து வருஷச் செலவுக்கான பணத்தை முதலில் தனியே ஒதுக்குங்கள். அது மார்க்கெட் பக்கம் போகவே கூடாது. ஏன் ஐந்து? 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ், 2009 மார்ச்சில் 8,160-க்கு வந்தது. மறுபடி 21,000-ஐ எட்ட 2010 நவம்பர் ஆயிற்று. நடுவில் மருந்துக்கும் மாளிகைக் கடைக்கும் காசு வேண்டுமல்லவா?

மீதியை, உதாரணமாக, நூற்றுக்கு 60 டெபாசிட், சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டம் என்றும், 40 இண்டெக்ஸ் பண்டிலும் வைப்பதாகக் கொள்வோம். இண்டெக்ஸ் பண்ட் என்பது சென்செக்ஸில் உள்ள 30 கம்பெனிகளையும் அதே விகிதத்தில் வாங்கி வைப்பது. நல்ல பங்கைத் தேடிப் பொறுக்க ஆள் தேவையில்லாததால் கட்டணமும் குறைவு. 2020 ஜனவரியில் 42,000 அருகில் இருந்த சென்செக்ஸ் மார்ச் 23 அன்று 25,981-ல் முடிந்தது. அந்த ஒரே நாளில் விழுந்தது 3,935 புள்ளிகள். இரண்டு மாத வீழ்ச்சி 38 சதவீதம். ஆனால் 60-40 வைத்திருந்தவருக்கு மொத்தப் பணத்தில் குறைந்தது சுமார் 15 சதவீதம். விற்காமல் இருந்தவர் 2021 ஜனவரியில் சென்செக்ஸ் 50,000-ஐத் தொட்டதைப் பார்த்தார். பயந்து விற்றவருக்கு அந்த நஷ்டம் நிரந்தரமாயிற்று.

பதற்றத்துக்குப் பாதிக் காரணம் தினமும் டி.வி.யில் புள்ளிகளைப் பார்ப்பது. தினம் பார்த்தால் ஏறக்குறைய பாதி நாட்கள் இறக்கமாகத்தான் தெரியும். உறை குத்திய பாலைக் கிளறிக்கொண்டே இருந்தால் தயிர் தோயுமா? வருஷத்தில் ஒரு நாள் பார்த்தால் போதும். விஜயதசமியோ பிறந்த நாளோ உங்கள் சௌகரியம். 40 என்பது 50 ஆகியிருந்தால் பத்தை விற்று டெபாசிட்டில் போடுங்கள். 30 ஆகியிருந்தால் அங்கிருந்து இங்கே மாற்றுங்கள். வரி எவ்வளவு என்பதை மட்டும் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளவும்.

மாமிகள் நிறையப் பேர் வந்திருப்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் கணவர்தான் கணக்கு வழக்கு. அவர் போன பிறகு டிரங்குப் பெட்டியிலிருந்து நாற்பது கம்பெனி ஷேர் சர்டிபிகேட் வந்தால் அந்த அம்மாள் என்ன செய்வார்? ஏழு வருஷம் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காவிட்டால் ஷேர்களே அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். மீட்கலாம், ஆனால் அலைச்சல் அதிகம். மூன்று நான்கு கணக்குகள், எல்லாவற்றிலும் நாமினேஷன், கூடியவரை கூட்டுப் பெயர். விவரங்களை ஒரு நோட்டில் தமிழில் எழுதி, அது எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை இன்று ராத்திரியே வீட்டில் சொல்லிவிடுங்கள்.