கர்ப்பவதிகளும் இன்புளூயன்சாத் தடுப்பூசியும்

(நம் சங்கத்து மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி, விவாகம், தொழில் முதலிய விஷயங்களைப் பற்றி நம் சங்கத்தில் பலகாலும் பேசி வருகின்றோம். இன்று, இனிப் பிறக்கவிருக்கும் நம் மக்களின் க்ஷேமத்தைக் குறித்துச் சிறிது பேச விரும்புகின்றோம். ஃப்ளூ என்று வழங்கும் இன்புளூயன்சாச் சுரத்திற்குக் கர்ப்பவதிகள் தடுப்பூசி இட்டுக்கொள்ளலாமா என்பதே நாம் ஆராயப் புகுந்த வினா.

“சளியும் சுரமும் கஷாயத்தில் தீருமே, வயிற்றில் பிள்ளை இருக்கையில் ஊசி எதற்கு?” என்று நம் இல்லத்துப் பெரியோர் கேட்கின்றனர். அன்பினால் எழுந்த கேள்வியாதலின் இதனை இகழ்தல் தகாது. விடை கூறுதலே முறை.

சாதாரண ஜலதோஷம் வேறு, இன்புளூயன்சா வேறு. கருவுற்ற காலத்தில் இருதயத்திற்கும் நுரையீரலுக்கும் வேலை மிகுகின்றது; நோயை எதிர்க்கும் முறையும் மாறுகின்றது. ஆதலால், பிறர்க்குச் சில நாட் சுரமாய்க் கழிவது இவர்கட்கு நிமோனியாவாய் முற்றுதல் கூடும். 1918-ஆம் ஆண்டுக் கொள்ளை நோயில் நம் தேசத்தில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்போது அமெரிக்காவில் ஹாரிஸ் என்னும் வைத்தியர் திரட்டிய 1,350 கர்ப்பவதிகளின் கணக்கில், நூற்றுக்கு 27 பேர் இறந்தனர். 2009-ஆம் ஆண்டுத் தொற்றிலும், அந்நாட்டு ஜனத்தொகையில் நூற்றுக்கு ஒருவர் அளவினரான கர்ப்பவதிகள், மாண்டோரில் நூற்றுக்கு ஐவராயினர்.

இனி ஊசியைப் பற்றி ஆராய்வோம். கர்ப்பவதிகட்கு இடப்படுவதில் உயிருள்ள கிருமி இல்லை. ஆகையால் அது நோயை உண்டாக்காது. மூக்கில் தெளிக்கும் உயிர்க்கிருமி மருந்தோ அவர்கட்கு ஆகாது. ஊசியிட்ட கை ஓரிரு நாள் நோவதும், சிறிது சுரம் காண்பதும் உண்டு. அது நோயை முற்றும் தடுத்துவிடும் என்றும் நாம் கூறோம். அபாயத்தைக் குறைக்கும் என்பதே உண்மை. முன்னர் இவ்வூசியால் கடும் ஒவ்வாமை கண்டவர்கள் அதனை வைத்தியரிடம் அவசியம் சொல்லுதல் வேண்டும்.

இவ்வூசியால் குழந்தைக்கும் நன்மையுண்டு. ஆறு மாதம் நிரம்பாத சிசுவுக்கு இத்தடுப்பூசி இடுவதில்லை. தாயின் உடலினின்று பெறும் எதிர்ப்புச் சக்தியே அதற்குக் கவசம். வங்காள தேசத்தில் 340 தாய்மார்களைக் கொண்டு நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஊசி பெற்ற தாய்மார்களின் சிசுக்களிடையே, பரிசோதனையால் உறுதிப்பட்ட இன்புளூயன்சா நூற்றுக்கு 63 பங்கு குறைந்தது. உலக சுகாதார ஸ்தாபனமும் 2012-இல், இத்தடுப்பூசி பெறுவோருள் கர்ப்பவதிகளையே முதலாவதாக வைத்தது; எம்மாதத்திலும் இடலாம் என்றும் கூறிற்று.

ரணஜன்னி ஊசியை நம் இல்லங்களில் இன்று யார் மறுக்கின்றனர்? ஆனால் அதனைப் போல இவ்வூசி யாவர்க்கும் தானே இடப்படுவதன்று. நாமே கேட்டுப் பெறுதல் வேண்டும். பொருட்செலவும் உண்டு. வளைகாப்புக்கு மனமுவந்து செலவிடும் நாம் இதற்குத் தயங்குவது நியாயமன்று. இயலாத குடும்பங்கட்குச் சங்க நிதியினின்று உதவுமாறு காரியக் கமிட்டியாரை வேண்டுகின்றோம்.

சென்னை, வேலூர் முதலிய இடங்களில் அக்டோபர், நவம்பர் மாதங்களிலேயே இந்நோய் மிகுதி. ஊசி பலன் தர இரண்டு வாரம் செல்லும். ஆகவே, மழை தொடங்கிய பின் யோசிப்போம் என்று தாமதித்தல் தகாது.

மாமியார்மார்களே! கணவன்மார்களே! சுமப்பவள் அவள், ஆதலின் அவள் வைத்தியரைக் கண்டு ஐயம் தெளிந்து தானே முடிவு செய்ய இடங்கொடுங்கள். “வேண்டாம்” என்று வாசலில் தடுப்பதை விடுத்து, உடன் சென்று கேட்டறிவதே அன்புக்கு அழகு. தாயும் சேயும் நலமுற வாழ்க!