வரும் வாரத்து மழையும் நம் வயலும்

(ஐப்பசி மாதத்தில், காவிரிக் கடைமடைப் பகுதியின் ஊராட்சி ஒன்றில் நடைபெற்ற விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஐப்பசி அடைமழை என்பது நம் முன்னோர் வாக்கு. தமிழ்நாட்டில் ஓராண்டில் பெய்யும் மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையாகவே கிடைக்கிறது. நம் கடற்கரை மாவட்டங்களில் அது பாதிக்கும் மேல். சம்பாவை வளர்ப்பதும் இம்மழையே. குறுவையைக் கெடுப்பதும் இம்மழையே. குறுவைக் கதிர் முற்றித் தலைசாயும் வேளையில்தான் சம்பா இளம்பயிர் வேர் பிடிக்கிறது. வங்கக் கடலில் மேகம் திரள்வதும் அதே வேளையில்தான். ஆகவே, வரும் ஏழு நாட்களின் வானிலையை அறிந்து நடப்பது, இம்மாதத்தில் நம் உழைப்பைக் காக்கும் முதற்கடமையாகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் ஊரில் நிகழ்ந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். “ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும்” என்ற அறிவிப்பைக் கேட்டு அஞ்சினோம். கூலி கொடுத்துப் படுதா போட்டு நெல்லை மூடினோம். நமக்கு வெயில் அடித்தது. பக்கத்து ஊரில் மழை கொட்டியது. வானிலை அறிவிப்பை எள்ளி நகைத்தோம். பத்து நாள் கழித்து, “பெரும்பாலான இடங்களில் மழையும், ஓரிரு இடங்களில் மிகக் கனமழையும் பெய்யும்” என்றனர். நாம் அசையவில்லை. களத்தில் குவித்த நெல் நனைந்தது. மூன்றாம் நாள் முளைவிட்டது. அறிவிப்பு இரு முறையும் பொய்க்கவில்லை. அதன் சொற்களுக்குப் பொருள் அறியாதிருந்ததே நம் குறை.

அச்சொற்களுக்கு அளவு உண்டு. ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு 25 வரை மழை பெறுமாயின் ‘ஓரிரு இடங்கள்’. 26 முதல் 50 வரை ‘ஒருசில இடங்கள்’. 51 முதல் 75 வரை ‘அநேக இடங்கள்’. அதற்கும் மேற்பட்டால் ‘பெரும்பாலான இடங்கள்’. அவ்வாறே, 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 7 முதல் 11 செ.மீ. வரை பெய்வது கனமழை. 12 முதல் 20 செ.மீ. வரை மிகக் கனமழை. அதனையும் தாண்டினால் அதி கனமழை. ஓர் ஏக்கரில் 12 செ.மீ. மழை பெய்தால், அவ்வயலில் விழும் நீர் ஏறத்தாழ 4.8 லட்சம் லிட்டர் ஆகும். இவ்வளவு நீரும் எவ்வழி வடியும் என்பதை மழைக்கு முன்னரே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இன்னொன்றும் நினைவிற்கொள்ள வேண்டும். நாளைய மழையைப் பற்றிய அறிவிப்பு உறுதி மிகுந்தது. ஏழாம் நாளைப் பற்றியது உறுதி குறைந்தது. ஆகவே நம் செயலையும் படிப்படியாக வகுத்துக்கொள்வோம். வாரக் கடைசியில் மழை என்று அறிந்தவுடன் படுதா, சாக்கு, அறுவடை இயந்திரம் ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்வோம். மூன்று நாள் இருக்கையில் அறிவிப்பு மாறாது நின்றால், முற்றிய குறுவையை அறுத்துவிடுவோம். முற்றாததை விட்டுவைத்து வடிகாலைத் திறப்போம். சம்பாவுக்கு மேலுரம் இடுவதையும் மருந்து தெளிப்பதையும் தள்ளிவைப்போம். கனமழைக்கு முதல் நாள் இட்ட யூரியா, பயிருக்குப் போகாமல் வாய்க்காலுக்கே போய்ச் சேரும்.

பெரியோர் கண்ட அடையாளங்களையும் நாம் தள்ளிவிடவில்லை. ‘அகல்வட்டம் பகல்மழை’ என்பதில் பொருள் உண்டு. நிலவைச் சுற்றி வட்டம் தோன்றக் காரணமான பனித்துகள் மேகம், பல வேளைகளில் மழைமேகத்துக்கு முன்னோடியாக வருவதாகும். ஆயினும் கடலுக்கு அப்பால் உருவாகும் தாழ்வு மண்டலத்தை நம் கண் காணாது, செயற்கைக்கோள் காணும். அது கரையை நெருங்கும்போது காரைக்காலிலுள்ள ரேடார் காணும்.

2018 நவம்பர் 16 அன்று, நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்ததை நாம் அறிவோம். முன்னறிவிப்பு இருந்ததால் மக்களை முகாம்களுக்கு அழைத்துச் செல்ல முடிந்தது. தென்னையை அழைத்துச் செல்ல முடியவில்லை. முன்னறிவிப்பினால் எல்லாவற்றையும் காத்துவிட இயலாது. ஆனால் எவற்றைக் காக்க இயலுமோ அவற்றுக்குக் காலம் தருகிறது. அக்காலத்தை வீணாக்குவது நம் பிழையாகும்.

ஆதலால் இக்கூட்டத்தில் இரு காரியங்களை நாம் முடிவு செய்வோம். முதலாவது, ஊராட்சி அலுவலக வாயிலில் கரும்பலகை ஒன்று வைத்து, வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பையும், வாரத்தில் இருமுறை வெளிவரும் வேளாண் வானிலை அறிவுரையையும் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு எழுதச் செய்வோம். கைபேசி இல்லாத விவசாயியும், களையெடுக்கப் போகும் தாய்மாரும் போகிற போக்கில் படித்துக்கொள்ளட்டும். படிக்க இயலாதோர்க்குப் பிள்ளைகளே படித்துச் சொல்லட்டும்.

இரண்டாவது, வரும் ஞாயிறன்று வீட்டுக்கு ஒருவராகச் சேர்ந்து, பொது வடிகாலில் மண்டியுள்ள ஆகாயத்தாமரையை அகற்றுவோம். மேல்வயலின் நீர் கீழ்வயல் வழியேதான் ஓடியாக வேண்டும். ஒருவர் மட்டும் வரப்பை வெட்டினால் அடுத்தவர் பயிர் மூழ்கும். வடிகால் ஒன்றாயிருக்கும்போது, அதைக் காக்கும் பொறுப்பும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

மழையை நிறுத்துவது நம் கையில் இல்லை; அது வரும் நாளை அறிந்து, அதற்கு வழிவிட்டு, நம் நெல்லைக் களத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டு சேர்ப்பது நம் கையில் உள்ளது. ஞாயிறன்று காலையில் மண்வெட்டியுடன் வடிகால் கரையில் சந்திப்போம்.