அழிந்தாரை நிறுத்துதல்
(மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் ஔஷத தானம் பற்றிப் பேசுமாறு அறக்கட்டளையினர் பணித்தனர். கண் மருத்துவத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் முகாம்கள் நடத்தி வருகிறோம். மனநோய்க்கு ஒரு முகாமும் நடத்தியதில்லை. அந்நோய் நம்மிடையே இல்லை என்பது காரணமன்று. 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோருள் ஏறத்தாழ நூற்றுக்குப் பதின்மர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாற்றுக்கு ஆளாகியிருப்பதாகக் கண்டது. அவருள் பெரும்பாலோர் சிகிச்சை பெறாதவர்.

என் குடும்பத்தில் நிகழ்ந்ததைக் கூறுகிறேன். பெரியம்மாவின் மக்கள் இதற்கு இசைவு தந்துள்ளனர். பெரியப்பா காலமான ஆண்டில் பெரியம்மா உணவைக் குறைக்கத் தொடங்கினார். முதலில் இருவேளை, பிறகு ஒருவேளை, பிறகு கஞ்சி மட்டும். பேச்சும் குறைந்தது. பின்னிரவு மூன்று மணிக்கே விழித்துச் சுவரைப் பார்த்து அமர்ந்திருப்பார். நாங்கள் அதனைத் தவம் என்று கருதினோம். உறவினர் வந்து அடி வணங்கிச் சென்றனர், நானும் வணங்கினேன்.

அவ்வழியே விகாரம் செய்த மாதாஜி ஒருவர், “எதன் பொருட்டு அம்மா உணவை விட்டீர்கள்?” என வினவினார். “இனி இருந்து என்ன பயன்? விரைவில் போய்ச் சேர வேண்டும்” என்றார் பெரியம்மா. மாதாஜி எங்களைத் தனியே அழைத்தார். “சாவை விரும்புதல் சல்லேகனையின் அதிசாரங்களுள் ஒன்றென நீங்கள் படித்ததில்லையா? இவர் எவரிடமும் விரதம் ஏற்கவில்லை. இது நோய். மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்” என்றார்.

அரசு மருத்துவமனையில் மனச்சோர்வு நோய் எனக் கண்டு மருந்தளித்தனர். பயன் தெரிய ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. அந்நாட்களில் மருந்தை நிறுத்திவிடலாம் என்று சொல்லாத உறவினர் இல்லை. ஒருநாள் காலை, தாமாகவே, “பசிக்கிறது” என்றார். அதன்பின் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்து பேத்தியின் திருமணத்தையும் கண்டார்.

மனநோய்க்கு மருந்து உண்போர் நம் அறநெறியைக் கைக்கொள்ளும்போது எழும் இடர்கள் சில உண்டு. வெளியார் அவற்றை அறியார். நாமும் மருத்துவரிடம் சொல்வதில்லை. உறங்கும்முன் உண்ண வேண்டிய மாத்திரையை, இரவு உண்ணாமை விரதம் கருதிச் சிலர் வாளா விட்டுவிடுகின்றனர். விரதத்தைச் சொன்னால், பல மருந்துகளின் வேளையை மருத்துவரே மாற்றித் தர இயலும். கேப்ஸ்யூல் உறை பெரும்பாலும் விலங்குப் பொருளாகிய ஜெலட்டினால் ஆனது என்றறிந்து விடுவோரும் உண்டு. அதற்கு மாற்றாக மாத்திரை கேட்கலாம். லித்தியம் என்னும் மருந்து உண்பவர், மருத்துவரைக் கேளாமல், தசலட்சண பருவத்திலும் நீரின்றி உபவாசம் இருத்தலாகாது. உடலில் நீர் குறைந்தால் அம்மருந்து குருதியில் மிகுந்து நஞ்சாகும். கைநடுக்கம், வாந்தி, தடுமாற்றம் தோன்றும். உயிருக்கே இடர் நேரலாம். இதனை இங்குள்ள ஒவ்வொருவரும் நினைவிற் கொள்ள வேண்டுகிறேன்.

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் அறப்பழி நீக்கல் ஒன்று. அதனைக் காட்டி வீட்டிலுள்ள நோயை மறைப்பதும் நடக்கிறது. பிறர் குறையைத் தூற்றாமை அதன்பாற்படும். நோயாளியை உள்ளறையில் ஒளித்து வைத்தல் அதன்பாற்படாது. மணமான பெண், மாமியார் கண்ணிற் படும் என்றஞ்சி மாத்திரையை நிறுத்த, நோய் முன்னினும் கடுமையாகத் திரும்புகிறது. பெண்ணைக் குறை கூறுவதற்கில்லை. அந்த அச்சத்தை வளர்த்தவர்கள் நாம். காவல் நிலையத்துக்கு அஞ்சித் தற்கொலை முயற்சியை மறைப்பவரும் உளர். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மாறாக மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, அவ்வாறு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளுமாறும், அவரைத் தண்டியாமல் அவருக்குச் சிகிச்சை தருமாறும் கூறுகிறது.

அழிந்தாரை நிறுத்துதலுக்கு வாரிசேணர் கதையைச் சொல்வோம். துறவில் மனம் தளர்ந்த நண்பனை அவர் இகழவில்லை. தம் அரண்மனைக்கே உடன் அழைத்துச் சென்று தெளிவித்தார். நம் ஊர்களில் இல்லாதது அந்த உடன் செல்லுதலே. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கிறார், மருந்து இலவசம். 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசுச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். ஆயினும் விடியற்காலையில் நோயாளியோடு பேருந்து ஏறி, வரிசையில் நின்று, மருந்துச் சீட்டைப் பத்திரப்படுத்தி, அடுத்த மாதமும் அழைத்துச் செல்ல ஓர் ஆள் வேண்டும்.

ஆகவே அறக்கட்டளையிடம் நான் கேட்பது கட்டடமன்று. ஜினாலயம் உள்ள ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஓர் ஆடவர், ஒரு பெண்மணி. கேட்டதை வெளியே சொல்லாதவர்கள், நடுத்தர வயதினர். வந்து போகும் பேருந்துச் செலவை ஔஷத தான நிதியிலிருந்து தரலாம். அவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சியளிக்க மனநல மருத்துவர் ஒருவர் ஒப்புக்கொண்டுள்ளார். பெயர் தர விரும்புவோர் செயலாளரிடம் தரலாம். வீட்டில் நோயுற்றோர் உள்ளவர்கள் என்னிடம் தனியே பேசலாம். பிற்பகல் அபிஷேகம் முடியும் வரை கோயில் மடைப்பள்ளியின் பின்புறத் திண்ணையில் இருப்பேன்.